ஜெபிஷாவுக்கு வண்டி பார்த்தது

மஸ்கட்டில் பதினான்கு வருஷம் கார் ஓட்டியவன் நான். இதை நான் சொல்லாத கல்யாண வீடு குலசேகரம் வட்டாரத்தில் கிடையாது. எட்டு வழிச் சாலை, மண்டையைப் பிளக்கும் வெயில், மணல்காற்று, நடுரோட்டில் ஒட்டகம் என்று நான் அடுக்கிக்கொண்டு வரும்போது பந்தியில் பக்கத்தில் இருப்பவர்கள் பப்படம் நொறுக்குவதைக்கூட நிறுத்திவிடுவார்கள். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒட்டகம்கூட உண்மைதான். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் கிளச் மிதித்ததில்லை.

அங்கே கம்பெனி கொடுத்த கார் ஆட்டோமேட்டிக். இரண்டே பெடல். ஒன்றை மிதித்தால் போகும், இன்னொன்றை மிதித்தால் நிற்கும். வலது கால் ஒன்றே எல்லா வேலையும் பார்க்கும். இடது கால் சும்மா இருந்து வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டு வரும். அப்படியானால் ஊர் லைசென்ஸ் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மஸ்கட் போவதற்கு முன்னால் தக்கலையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபது நாள் படித்தேன். அந்த வண்டியில் ஆசானின் காலடியிலும் ஒரு கிளச், ஒரு பிரேக் உண்டு. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வேன். மற்றதையெல்லாம் ஆசான் பார்த்துக்கொள்வார். டெஸ்ட் அன்று எட்டுப் போடுவதற்கு முதல் கியரே போதுமாக இருந்தது. கிளச்சை ஒரே ஒரு தடவை மிதித்து ஒரே ஒரு தடவை விட்டேன். அது சரியாக அமைந்துவிட்டது. (அமைஞ்சா போதும்லா, அது எப்படி அமைஞ்சுதுன்னு யாரு கேக்கப்போறா?)

ஊருக்குத் திரும்பி வந்து சந்தைப் பக்கம் பெயிண்ட் கடை போட்டேன். கடைக்குப் போக பைக் இருந்தது. கார் எப்போது வாங்கப்போகிறாய் என்று யாராவது கேட்டால், நம்ம ரோட்டுக்கெல்லாம் கார் ஒரு கேடா என்று பதில் சொல்வேன். எட்டு வழிச் சாலையில் ஓட்டியவன் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் போய்விடுவார்கள். இப்படியே ஆயுசு முடிந்திருக்கும். என் மகள் ஜெபிஷாவுக்கு பதினெட்டு வயசு ஆகாமல் இருந்திருந்தால்.

அவள் அப்போது நாகர்கோவிலில் பி.ஃபார்ம் முதல் வருஷம். காலையில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் வகுப்புக்குப் போய்ச் சேர முடியும். உட்கார இடம் கிடைக்காது. சாயங்காலம் லேப் முடிந்து அதே மாதிரி நின்றுகொண்டு வந்து சேர்வாள். வந்ததும் பையைக்கூட இறக்காமல் வாசல் படியிலேயே தூங்கிவிட்ட நாட்கள் உண்டு. இதைப் பார்த்துப் பார்த்து என் மனைவி ஸ்டெல்லா ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்குள் வீட்டுக்கு ஒரு கார் வர வேண்டும், இல்லையென்றால் பிள்ளையை நாகர்கோவிலில் ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும்.

ஹாஸ்டல் என்ற சொல்லுக்கே நான் இடம் கொடுக்கவில்லை. அவளுக்கு மூன்று வயசு இருக்கும்போது விமானம் ஏறியவன் நான். திரும்பி வந்து நிலையாக நின்றபோது அவளுக்கு பதினேழு. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருக்கத் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இப்போது அவள் கிளம்பிப்போனால் பதினான்கு வருஷம் ஒட்டகம் பார்த்ததற்கு என்ன அர்த்தம்?

ஜெபிஷா சத்தமில்லாமல் காரியம் பார்க்கிறவள். பதினெட்டு முடிந்த மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸ் வந்த அன்று அதை என் கையில் தந்துவிட்டு, கடைசி பத்து நாளும் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு சும்மாதான் இருந்தார் என்றாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அமைந்த ஆசான் மாதிரி அக்கறையுள்ள ஆசான் அவளுக்கு அமையவில்லை என்றுதான் நினைத்தேன்.

"வண்டியைப் பத்தி ஒங்களுக்குத்தான தெரியும். நீங்களே பாத்து முடிவு செய்யுங்கோ" என்று ஸ்டெல்லா சொன்னாள். அந்தச் சொல் எனக்குப் பாயசம் மாதிரி இறங்கியது.

ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் 'ஜெபிஷா கார்' என்று எழுதி அடியில் கோடு போட்டேன். புதிதாக ஓட்டுகிற பிள்ளைக்கு வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கொள்கைகள் இருந்தன. முதலாவது, வண்டி கனமாக இருக்க வேண்டும். லாரி வந்து முட்டினால் லாரிதான் யோசிக்க வேண்டும். நிறம் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். பாட்டுப் பெட்டி இருக்கவே கூடாது. பின்சீட்டு இடுங்கலாக இருப்பது உத்தமம், கூட்டுக்காரிகள் நாலு பேர் ஏறி உட்கார்ந்து கூத்தடிக்க முடியாது. வேகம் போகாத எஞ்சின் கிடைத்தால் விசேஷம். இந்தக் கொள்கைகள் எல்லாம் பொருந்தி வருவது ரோடு ரோலர் ஒன்றுதான் என்று ஸ்டெல்லா சொன்னாள். அவளுக்கு வெளிநாட்டு அனுபவம் கிடையாது என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

ஜெபிஷாவின் கொள்கை ஒரே ஒரு வரி. சின்ன வண்டி போதும், பிரேக் நன்றாக இருக்க வேண்டும், எதை வாங்கினாலும் முதலில் அவள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் சிரித்தேன். நேற்று லைசென்ஸ் எடுத்த பிள்ளை ஓட்டிப் பார்த்து என்ன தெரிந்துவிடப்போகிறது? வண்டி என்பது பார்த்தாலே தெரியும், சத்தத்திலேயே தெரியும் என்றேன்.

அப்படித்தான் பார்க்கவும் செய்தேன். முதலில் பார்த்தது இனயத்தில் ஒரு மீன் வியாபாரியின் பெரிய வண்டி. நான் பானெட்டைத் தட்டினேன், டயரை உதைத்தேன், எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். எஞ்சின் அருமை. ஆனால் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து நாலு வருஷத்துச் சாளை மீன் ஒன்றாக இறங்கி வந்தது. இரண்டு மழைக்காலம் கழிந்தால் மணம் போய்விடும் என்று நான் வாதாடிப் பார்த்தேன். அந்த வியாபாரியே குறுக்கிட்டு, இல்லை அண்ணே போகாது, பொய் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

இரண்டாவது வண்டி சுசீந்திரத்தில் ஒரு விவசாயி வீட்டில் நின்றது. கனத்தில் குறை சொல்ல முடியாது. பின்கதவைத் திறந்தால் சீட்டில் ஒரு கோழி அடை இருந்தது. என்னை முறைத்தது. குஞ்சு பொரிக்க இன்னும் ஒன்பது நாள் கிடக்கிறது, அதுவரை வண்டியை அசைக்க முடியாது, அப்புறம் வாருங்கள் என்று அவர் மரியாதையாகச் சொல்லி மோர் தந்து அனுப்பினார்.

ஓட்டிப் பார்க்கவில்லையா என்று இரண்டு இடத்திலும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் வேண்டாம் என்றேன். அந்தக் கோழிக்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது வண்டிதான் போஸ்டம்மாவுடையது.

போஸ்டம்மா என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தபால் நிலையத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் எமிலி. அதை அவரே மறந்திருப்பார். பேச்சிப்பாறை போகும் ரோட்டோரம் வீடு. ஆள் பார்க்கிற பார்வை பார்சலை நிறுத்துப் பார்க்கிற பார்வை. மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான் என்றும், போவதற்கு முன்னால் தன்னுடைய சிவப்பு காரை நல்ல கையில் கொடுக்க நினைக்கிறார் என்றும் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஓட்டிக் காட்டாதவருக்கு அவர் வண்டி கொடுப்பதில்லையாம். ஏற்கெனவே மூன்று பேரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

செமஸ்டர் தொடங்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வேறு வழி இல்லை. நான் கிளச்சைக் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

கைப்பேசியில் காணொளிகள் ஏராளம். மூன்று நாள் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தால் மட்டும் போதுமா? கல்லாவுக்கு அடியில் மூன்று காலி பெயிண்ட் டப்பாவை வரிசையாக வைத்து, இடது டப்பா கிளச், நடு டப்பா பிரேக், வலது டப்பா ஆக்சிலேட்டர் என்று பயிற்சி எடுத்தேன். கியருக்கு ஒரு பழைய ரோலர் பிரஷ். மூன்றாம் நாள் பிரைமர் வாங்க வந்த ஒருவர் நான் காலை ஆட்டுவதையும் பிரஷ்ஷை இழுப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். இல்லை, உடற்பயிற்சி என்றேன். அதற்குள் எனக்குக் கை வந்துவிட்டிருந்தது. டப்பாவில் நான் ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை.

சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். வண்டி வாசலில் நின்றது. சின்ன வண்டி, பதினொரு வருஷம் பழசு, ஆனால் நேற்று வாங்கியது மாதிரி துடைத்து வைத்திருந்தார். என் நோட்டில் இருந்த கொள்கைகளில் சிவப்பு நிறம் தவிர எதுவும் பொருந்தவில்லை. பார்த்த உடனே ஜெபிஷாவின் முகம் விரிந்ததை நான் கவனித்தேன்.

போஸ்டம்மா குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். யார் ஓட்டப்போகிறது என்று கேட்டார். ஜெபிஷா ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். நான் கையை நீட்டி மகளைத் தடுத்தேன்.

"பிள்ளை கடைசியில ஓட்டட்டு. மொதல்ல நான் ஒண்ணு பாக்குதேன். மஸ்கட்டுல பதினாலு வருஷம்" என்றேன்.

போஸ்டம்மா என்னை மேலும் கீழும் நிறுத்துப் பார்த்தார். பிறகு சாவியைத் தந்துவிட்டு முன்சீட்டில் ஏறிக் குடையை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டெல்லாவும் ஜெபிஷாவும் பின்சீட்டில்.

முதல் இருபது அடி எப்படிப் போனது என்று எனக்கு விவரமாக நினைவில்லை. வண்டி முதலில் துள்ளியது, பிறகு தும்மியது, பிறகு நின்றது. திரும்பவும் எடுத்தேன். திரும்பவும் துள்ளியது. பின்சீட்டில் இரண்டு பேரும் எனக்குத் தலையாட்டி ஆமோதிப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். (ஆமோதிக்கல்ல, வண்டி ஆட்டின ஆட்டம் அது.) மூன்றாம் தடவை எப்படியோ புறப்பட்டு ரோட்டில் ஏறியது. இந்த வண்டிக்கு இழுப்பு கொஞ்சம் குறைவு என்று அபிப்பிராயம் சொன்னேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சமதளத்தில் இரண்டாவது கியரில் அரைக் கிலோமீட்டர் போனோம். இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம், குளிர்ந்த நிழல், இடது கால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதற்குத்தானா இத்தனை வருஷம் பயந்தேன் என்று நினைத்தேன்.

அப்போது ஏற்றம் வந்தது.

ஏற்றத்தில் பாதி போனபோது எதிரே மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. ரோடு குறுகல். நான் ஓரமாக ஒதுங்கி நிறுத்தினேன். பஸ் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது. அதுவரை எல்லாம் ஒழுங்குதான். இனி ஏற்றத்தில் நிற்கிற வண்டியை மேல்நோக்கி எடுக்க வேண்டும். பெயிண்ட் டப்பாவில் இந்தப் பாடம் வரவில்லை. கடைத் தரை சமதளம்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கிளச்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனது. பிறகு, யாரும் கேட்காமலேயே, பின்னால் போகத் தொடங்கியது.

பதினான்கு வருஷமாக என் வலது கால் செய்த வேலையை அந்த நேரம் பார்த்து என் இடது கால் ஏற்றுக்கொண்டது. நிறுத்த வேண்டும் என்ற வெறியில் அது கிடைத்த பெடலை மிதித்தது. போதாது என்று வலது காலும் வந்து அதே பெடலில் ஏறியது. இரண்டு காலையும் ஊன்றி, சீட்டிலிருந்து எழும்பி, முழுப் பலத்தோடு நான் மிதித்தேன். மிதிக்க மிதிக்க வண்டி வழுக்கிக்கொண்டு சுகமாகப் பின்னால் போனது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினேன். அது எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஸ்டெல்லா கர்த்தரைக் கூப்பிட்டாள். போஸ்டம்மா குடையைக் கீழே போட்டார்.

ரோட்டோரம் தங்கராஜின் வளவு, வீட்டைச் சுற்றிய திறந்த இடம். தங்கராஜ் சொந்தத் தோட்டத்தில் ரப்பர்பால் வெட்டி, உறையவைத்து, துணி மாதிரி ஷீட்டாக அடிக்கிறவர். அன்று காலையில் அடித்த ஷீட்டுகளை, பால்வெள்ளையாகச் சொட்டச் சொட்ட, வளவு முழுக்கக் கயிறு கட்டிக் காயப் போட்டிருந்தார். வளவுக்கு வாசல் கதவு கிடையாது. கதவு இருந்திருந்தால் கதவையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். நாங்கள் பின்பக்கமாக உள்ளே நுழைந்தோம். முதல் கயிறு அறுந்தது. இரண்டாவது கயிறு அறுந்தது. பொத் பொத்தென்று ஷீட்டுகள் கூரையில் விழும் சத்தம் கேட்டது. பின்கண்ணாடி இருண்டது, பக்கத்துக் கண்ணாடிகள் இருண்டன, கடைசியாக முன்கண்ணாடியும் இருண்டது. போஸ்டம்மா இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தார். வண்டி நின்றது.

பகல் பதினொரு மணிக்குக் காருக்குள் கும்மிருட்டு. புளித்த ரப்பர்பால் மணம் ஏசி வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்று மூன்று குரல் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதன் பிறகு நான் சொன்னதைத்தான் என் வாழ்க்கையிலேயே நான் திரும்பப் பெற விரும்புகிற வாக்கியம் என்பேன்.

"வண்டிக்கு பிரேக் இல்ல" என்றேன். நல்ல உறுதியான குரலில்.

இருட்டில் போஸ்டம்மா மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"பிரேக்கெல்லாம் உண்டு. அதுல காலு வைக்கணும்" என்றார்.

பின்சீட்டிலிருந்து ஜெபிஷா பேசினாள். கோபமோ கேலியோ இல்லாமல், மருந்துச் சீட்டைப் பார்த்து வாசிப்பது மாதிரி. "அப்பா, நீங்க இப்பவும் மிதிச்சிட்டு இருக்கது கிளச்சு."

குனிந்து பார்த்தேன். இருட்டில் தெரியவில்லை. ஆனால் தெரிந்தது.

முன்கண்ணாடியில் மூடிக் கிடந்த ஷீட்டை யாரோ ஒரு ஓரத்தில் பிடித்து மெதுவாக விலக்கினார்கள். வெளிச்சம் வந்தது. தங்கராஜின் முகமும் வந்தது. கல்யாணப் பெண்ணின் முகத்திரையை விலக்கிப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார். என் கடையில்தான் அவர் பெயிண்ட் வாங்குவார். ஒட்டகக் கதையை இரண்டு தடவை கேட்டவர்.

"வில்சண்ணன். வண்டி பாக்க வந்தியளா?" என்றார்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

இறங்கி நின்றோம். வண்டிக்குப் பின்னால், மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பால் அடைத்த மெத்தென்ற மூட்டை கொஞ்சம் கிடந்ததால் பம்பர்கூட நசுங்கவில்லை. ஷீட்டுகள்தான் மண்ணில் கிடந்தன. போஸ்டம்மா சுற்றி வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து, மஸ்கட்டில் என்ன வண்டி ஓட்டினிய என்று சாதாரணமாகக் கேட்டார். அந்தக் கேள்வியை பதினான்கு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒட்டகத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். இனி மறைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. ரெண்டு பெடல் வண்டி என்றேன். கிளச் மிதித்ததே இல்லையா என்றார். இல்லை என்றேன்.

ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனுஷன் மணல்காற்றில் மலைப்பாதையில் ஓட்டுகிறானே என்று பதினான்கு வருஷம் எனக்காக முழங்காலில் நின்று ஜெபித்தவள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாயில் முந்தானையை வைத்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து பக்கத்தில் போனால், சிரிக்கிறாள். நிற்க முடியாமல் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துத் தங்கராஜ் சிரித்தார். போஸ்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஜெபிஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபிஷா அதற்குள் முன்கண்ணாடியைத் தன் ஷாலால் துடைத்து முடித்திருந்தாள். "நான் எடுக்கட்டா?" என்று கேட்டாள். என்னிடம் அல்ல, போஸ்டம்மாவிடம்.

நான் பின்சீட்டில் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் ஏறினேன். சட்டை முழுக்க ரப்பர்பால். ஜெபிஷா சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருத்தினாள், பெல்ட்டைப் போட்டாள், எங்கள் எல்லாரையும் போடச் சொன்னாள். (நான் ஓட்டினபோ பெல்ட்டு ஞாபகமே யாருக்கும் வரல்ல, எனக்கும் வரல்ல.) வளவிலிருந்து பைய வெளியே எடுத்து அதே ஏற்றத்தில் ஏறினாள். நான் நிறுத்திய அதே இடத்தில் போஸ்டம்மா நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். பின்னால் ஒரு வேன் வந்து ஹாரன் அடிக்கத் தொடங்கியது. நான் முன்சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள், கிளச்சைக் கொஞ்சமாக விட்டாள், வண்டியின் சத்தம் தணிந்து மூக்கு லேசாகத் தூக்கியது. வேன்காரர் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டிருந்தார்.

"பின்னால ஒருத்தன் இப்பிடிக் கெடந்து அடிச்சா என்ன செய்வே மக்கா?" என்று போஸ்டம்மா கேட்டார்.

"அவரோட அவசரம் அவருக்கு. எனக்கு ரெடியானாத்தான் நான் எடுப்பேன்" என்றாள் ஜெபிஷா.

அவளுக்கு ரெடியானது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் வராமல் மேலே ஏறியது.

அவள் முதன்முதலில் சைக்கிள் ஓட்டியதை நான் பார்த்ததில்லை. நீச்சல் பழகியதை, மேடையில் பேசியதை, எதையும் பார்த்ததில்லை. எல்லாம் ஃபோனில் கேட்டதுதான். அன்று அந்தச் சின்னக் காரின் பின்சீட்டில், புளித்த மணத்தோடு உட்கார்ந்து, என் மகள் ஒரு காரியத்தை முழுசாகச் செய்வதை முதல் தடவையாகப் பார்த்தேன். அவளைச் சுற்றிக் கனமான இரும்பு இருந்தால் போதும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இரும்பெல்லாம் தேவைப்படாத அளவுக்கு அவள் நிதானமாக இருந்தாள். ஸ்டெல்லா என் கையைத் தட்டினாள். அது ஆறுதலா கேலியா என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் போஸ்டம்மா சாவியை ஜெபிஷாவின் கையில் வைத்தார். எஞ்சின் ஆயில் மாற்றிய தேதி, டயர் மாற்றிய தேதி எல்லாம் எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தையும் தந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஆறு மாசத்துக்கு அப்பா இந்த வண்டியைத் தொடப்பிடாது. ஜெபிஷா என்னைப் பார்த்தாள். சம்மதம் என்றேன். விற்கிற வண்டிக்கு வாங்குகிறவனை ஓட்டாதே என்று நிபந்தனை போட்டது இந்தியாவிலேயே அது முதல் தடவையாக இருக்கும் என்று எனக்கு ஒரு பெருமை.

அன்று மதியம் வீட்டுக்கு வந்தது ஸ்டெல்லாவும் ஜெபிஷாவும் மட்டும்தான். நான் தங்கராஜின் வளவில் நின்றேன். மண்ணில் விழுந்த ஷீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவி, கயிறு கட்டி, திரும்பக் காயப் போட்டேன். தங்கராஜ் வேண்டாம் என்றார், நான் விடவில்லை. ரோட்டோரமான வளவு. பஸ்ஸில் போனவர்கள், பைக்கில் போனவர்கள், வேதபாட வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் நான் வீட்டுக்கு வருவதற்குள் கதை மார்த்தாண்டம் தாண்டிவிட்டது.

ஹாஸ்டல் பேச்சு அதோடு போயிற்று. ஜெபிஷா இப்போது கடைசி வருஷம். சிவப்பு வண்டி இதுவரை ஒரு கீறல் வாங்கியதில்லை. நானும் ஆறு மாசம் கழித்து அவளுடைய மாஸ்டரிடமே சேர்ந்து ஒழுங்காகப் படித்தேன். கடைசி நாள் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். முழுசாக அல்ல, ஒரு கையை மட்டும். அதுவும் பெரிய விஷயம்தான்.

குடும்பத்தில் யாராவது கொஞ்சம் கூடுதலாகப் பெருமை பேசினால், அது யாராக இருந்தாலும், இப்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "ஷீட்டு காஞ்சாச்சா?" கேட்ட உடனே பேசுகிறவர் அடங்கிவிடுவார். ஸ்டெல்லாவின் சொந்தக்காரர்கள் வழியாக அது நாகர்கோவில் வரைக்கும் பரவியிருக்கிறது. அர்த்தம் தெரியாதவர்கள்கூடச் சொல்கிறார்கள் என்று கேள்வி.

போன மாசம் ஸ்டெல்லாவின் தம்பி ராஜன் வீட்டுக்கு வந்தான். அவன் மகனுக்குப் பதினெட்டு ஆகிறது, கார் பார்க்க வேண்டும், அத்தான் கூட வர வேண்டும் என்றான். இத்தனைக்குப் பிறகும் ஆலோசனைக்கு என்னைத்தான் தேடி வருகிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ஓட்டப்போகிறவன் ஓட்டிப் பார்க்கட்டும், பிடித்ததை அவன் சொல்லட்டும், நீயும் நானும் பின்சீட்டில் பெல்ட் போட்டு வாயை மூடிக்கொண்டு இருப்போம், இவ்வளவுதான் சூட்சுமம் என்றேன். ராஜன் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளம்பலாம் என்று முடிவானது.

அடுக்களையிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

"கண்டிப்பா கூட்டிட்டுப் போ ராஜா. போற வழியில எவனாவது காயப்போட்டிருந்தா, திருப்பிக் காயப்போட பழகின கை ஒண்ணு வேணும்லா."